கணவனின் கடவுச்சீட்டும் மனைவியின் பெயரும்

சில மாதங்களுக்கு முன்னர் லண்டனில் எனது பழைய மாணவி ஒருவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்றவர். நெதர்லாந்தில் தஞ்சம் பெற்று, அந்நாட்டுப் பிரஜையாகி, பின்னர் பிரித்தானியாவில் குடியேறிய ஒருவரை மணந்து 2019ஆம் ஆண்டு அங்கு வந்தவர். "பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டீரா?" என்று கேட்டேன். "பேப்பர் எல்லாம் அவரிட்டத்தான் இருக்குது சேர். என்ர பேரில ஒண்டுமில்லை" என்றார்.

இது அவர் ஒருவரின் கதையன்று. ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டுடன் பிரித்தானியாவுக்கு இடம்பெயர்ந்த எம்மவர் பலர். அவர்களது வாழ்க்கைத் துணைவருக்கு அங்கு வதியும் உரிமையை முன்னர் அளித்தது ஐரோப்பிய ஒன்றியச் சட்டமாகும். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதியுடன் அச்சட்டத்தின் ஆட்சி அந்நாட்டில் முடிவுற்றது. அதற்கு முன்னரே அங்கு வாழ்ந்தோருக்கும், அவர்களது துணைவருக்கும் இன்று துணை நிற்பது ஐரோப்பியருக்கான வதிவுரிமைத் திட்டமே.

இங்கு ஒரு தவறான நம்பிக்கை நிலவுகின்றது. 'மணமுடித்து மூன்றாண்டு கழிந்தால் பிரஜாவுரிமை' என்கிறார்கள். 1981ஆம் ஆண்டின் பிரித்தானியப் பிரஜாவுரிமைச் சட்டம் மூன்றாண்டுச் சலுகையைப் பிரித்தானியப் பிரஜையின் துணைவருக்கே வழங்குகின்றது. கணவர் டச்சுப் பிரஜையாகவே இருப்பின், மனைவிக்கு ஐந்தாண்டு வதிவு வேண்டும். நிரந்தர வதிவுரிமை கிடைத்தபின் ஓராண்டு காத்திருக்கவும் வேண்டும். அந்த ஐந்தாண்டில் நாட்டுக்கு வெளியே கழித்த நாட்கள் 450ஐயும், இறுதி ஆண்டில் 90ஐயும் பொதுவாகத் தாண்டலாகாது. ஊரில் தாயாரின் நோய்ப்படுக்கையருகே மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவோர் இதனைக் கணக்கில் வைப்பதில்லை.

இவற்றை விடவும் பெரிய இடர், பெயர் சம்பந்தப்பட்டது. வேலைக்குச் செல்பவரின் வதிவை வரிப் பதிவேடுகளே காட்டிவிடும். வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்ப்பவர் எதனைக் காட்டுவார்? வாடகை ஒப்பந்தம் கணவரின் பெயரில்; மின்சாரக் கட்டணமும் வங்கிக் கணக்கும் அவரது பெயரில். ஐந்து ஆண்டுகள் ஒரு நாட்டில் வாழ்ந்த பெண், தான் அங்கு வாழ்ந்ததை நிறுவுவதற்கு ஒரு துண்டுக் கடிதமும் இன்றி நிற்கிறாள்.

'குடும்பத்துக்குள் உன்னுடையது, என்னுடையது என்று பிரிப்பதா?' எனச் சிலர் சினங்கொள்ளக்கூடும். பிரிக்கச் சொல்லவில்லை; இருவர் பெயரையும் சேர்த்து எழுதும்படியே சொல்கிறேன். குடும்பங்கள் முறிவதுண்டு, கணவர்மார் இறப்பதுமுண்டு. மூன்றாண்டு நீடித்து, அதில் ஓராண்டேனும் பிரித்தானியாவில் கழிந்த மணவாழ்வு விவாகரத்தில் முடிந்தாலும், மனைவி தன் வதிவுரிமையைத் தக்கவைக்கச் சட்டம் இடமளிக்கின்றது. வீட்டு வன்முறைக்கு ஆளானோருக்கும் தனி ஏற்பாடு உண்டு. ஆயினும், அந்தக் கதவுகளைத் திறப்பதற்கும் ஆவணங்களே திறவுகோல். அடித்துத் துரத்தப்பட்டவள் அலுமாரியைத் திறந்து கோப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஐந்தாண்டுக்கான தற்காலிக வதிவுரிமை முடிவுறும்போது அதிகாரிகளே அதனை நீடிப்பதால், 'இனி அவசரமில்லை' என்று பலர் வாளாவிருக்கின்றனர். நீடிப்பு வேறு, நிரந்தரம் வேறு. நிரந்தர வதிவுரிமையைப் பெற்றவரின் நிலை அதன்பின் கணவரின் கடவுச்சீட்டில் தங்கியிருப்பதில்லை.

பிரஜாவுரிமை பெறுவதா என்பது அவரவர் முடிவு. வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையைப் பெறுபவர், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றாலன்றி, இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அம்முடிவை எடுப்பவர் அந்தப் பெண்ணாகவே இருத்தல் வேண்டும்.

கணவர்மாரே, உங்கள் துணைவியின் பெயரையும் வீட்டுக் கடிதங்களில் சேருங்கள். சகோதரிகளே, உங்கள் கடவுச்சீட்டையும் கோப்பையும் உங்கள் கையில் வைத்திருங்கள். அகதியாக வந்து, கடதாசி இல்லாதவன் படும் பாட்டை அறிந்த சமூகம் நாம். அதே பாட்டை எம் வீட்டுக்குள்ளேயே ஒருத்திக்கு உண்டாக்கலாமா?