டெலீட் செய்தால் தீர்ந்ததா?

பிரிண்ட் எடுத்ததும் டெலீட் பண்ணிடுவோம் என்ற வாக்குறுதி கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் பிரவுசிங் சென்டர்களில் அன்றாடம் காதில் விழுவது. வந்தவரும் காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார். தற்காலிகக் கோப்புதானே, கடைசியில் அழித்துவிட்டால் ஆபத்து போய்விடும் என்று ஊரே நம்புகிறது. அந்த நம்பிக்கை தவறு. கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் அழித்தாலும் தவறுதான்.

கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் என்னென்ன கிடக்கும்? ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாஸ்புக்கின் முதல் பக்கம். இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்து, அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு, அதுதான் பாஸ்வேர்டு. இரண்டையும் பக்கத்தில் கிடக்கும் மதிப்பெண் சான்றிதழே சொல்லிக் கொடுத்துவிடும். பிரவுசரின் ரகசிய விண்டோவில் இறக்கினேன் என்பதும் பயனில்லை. அது மூடும்போது போன இடங்களின் தடத்தை மறக்குமே தவிர, இறக்கிய கோப்பை அழிக்காது. டெலீட் செய்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அதையும் காலி செய்தாலும் ஹார்டு டிஸ்கில் அந்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்டெடுக்க வழி உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் கடைக்காரரின் போனில் இன்னொரு பிரதி இருக்கிறது. அதை யார் அழிப்பது?

கணினி படித்தவர்களும் இதே நம்பிக்கையில் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. பலர் பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களைச் சொல்கிறேன். இடையில் தேவைப்படும் விவரங்களை டெம்ப் என்ற பொது டைரக்டரியில் ஒரு கோப்பாகக் கொட்டுகிறார்கள். பெயரோடு, ஓடும் ஸ்கிரிப்ட்டுக்குக் கணினி தரும் பிராசஸ் எண்ணை ஒட்டுகிறார்கள், கடைசி வரியில் அழிக்கிறார்கள். பிராசஸ் எண்ணின் வழக்கமான உச்சம் நெடுங்காலம் 32,768 ஆகத்தான் இருந்தது. ஊகிக்க முடியாத எண் அல்ல. அந்த டைரக்டரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஸ்டிக்கி பிட் இருப்பதால் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்க முடியாது. ஆனால் அதே பெயரில் முன்கூட்டியே ஒன்றை உருவாக்கி வைக்கத் தடையில்லை. அப்படி வைத்தது வேறொரு முக்கியமான கோப்புக்குப் போகும் சிம்லிங்க்காக இருந்தால், எல்லா உரிமையும் உள்ள ரூட் அதிகாரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் தன் கையாலேயே அந்தக் கோப்பின் மேல் எழுதி நாசமாக்கும். இப்படிப் பல தாக்குதல்கள் நடந்த பிறகுதான் 2012-இல் லினக்ஸ் கெர்னல் 3.6-இல் இதற்கெனத் தனித் தடுப்பைச் சேர்த்தார்கள். விவரத்தைத் திருட சிம்லிங்க்கூடத் தேவையில்லை. பெரும்பாலான சர்வர்களில் புதுக் கோப்பு எல்லோரும் படிக்கும்படியாகத்தான் பிறக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடும் அந்த அரை நிமிடத்தில் நகலெடுத்துக்கொண்டால் போதும். பிறகு அழித்தென்ன, அழிக்காமல் விட்டென்ன?

கடைசி வரி ஓடும் என்பதற்குத்தான் என்ன உத்தரவாதம்? பாதியில் நின்றாலும் துடைத்துவிட்டுப் போக டிராப் என்ற கட்டளை இருக்கிறது. கட்டாயம் எழுத வேண்டியதுதான். ஆனால் கட்டாயமாக நிறுத்தும் கில் கட்டளையின் ஒன்பதாம் சிக்னலை அதனால் பிடிக்க முடியாது. மின்சாரம் போனாலும் அது ஓடாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலைப் பார்த்த கடலூருக்கு மின்சாரத்தை நம்பாதே என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே காவல் கோப்பு பிறக்கும்போதே தொடங்க வேண்டும். எம்கேடெம்ப் என்ற கட்டளை செய்வது அதைத்தான். ஊகிக்க முடியாத பெயர் வைக்கிறது, உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் அனுமதிக்கிறது, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதைத் தொடுவதில்லை. 1990-களிலேயே ஓபன்பிஎஸ்டியில் வந்துவிட்ட கருவி, இன்று எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. இன்னமும் பிராசஸ் எண்ணை ஒட்டி எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கதல்ல.

பிரவுசிங் சென்டருக்கும் இதே நியாயம்தான். 2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், இணைய மையங்களின் பொதுக் கணினியில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழியுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதிலிருந்த நல்ல எச்சரிக்கையும் அதோடு போய்விட்டது. வீட்டில் கணினியோ பிரிண்டரோ இல்லாத மாணவர் கடைக்குத்தான் போக வேண்டும்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் பென் டிரைவிலிருந்தே பிரிண்ட் போட்டுக் கொடுக்கட்டும். கல்லூரி ஆய்வகங்கள் முதல் ஸ்கிரிப்ட்டிலிருந்தே எம்கேடெம்ப்பைச் சொல்லித் தரட்டும். நீங்கள் கடைக்குப் போகும்போது, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வீட்டிலேயே போனில் இறக்கி எடுத்துச் செல்லுங்கள். முழு எண் கட்டாயம் வேண்டும் என்று எவராவது கேட்டால், எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.