பிரிண்டர் பழுதென்றால் மக்கள் திரும்பிப் போக வேண்டுமா?



குண்டசாலை, திகன, மெனிக்கின்ன பக்கத்து மக்கள் அரச அலுவலகங்களுக்குப் போனால் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு: "பிரிண்டர் வேலை செய்யவில்லை, பிறகு வாங்க." இந்தப் பதிலுக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். தனியார் நிறுவனமொன்றில் கணினிப் பராமரிப்பு என் தொழில். இப்படிச் சொல்லப்படும் பழுதுகளில் பெரும்பாலானவை கால் மணி நேரத்தில் தீரக்கூடியவை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அண்மையில் அக்காவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அவரது மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழின் பிரதி தேவைப்பட்டது. அக்கா தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர், அன்றைய நாட்கூலியை விட்டுவிட்டு விடியவே பஸ் ஏறியிருந்தார். விண்ணப்பம் கொடுத்து, காசு கட்டி, பற்றுச்சீட்டும் வாங்கியாயிற்று. பதிவு திரையில் தெளிவாகத் தெரிகிறது, தாள்தான் வரவில்லை. உத்தியோகத்தர் மறுபடி மறுபடி கட்டளை கொடுக்க, அச்சு வரிசையில் அதே சான்றிதழ் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. எல்லாவற்றுக்கும் மேலே, காலையில் யாரோ அனுப்பிய கோப்பொன்று 'டிலீட்டிங்' என்ற நிலையிலேயே அசையாமல் நின்றது. அது விலகாமல் பின்னால் உள்ள எதுவும் நகராது. அந்த உத்தியோகத்தர்மீது எனக்குக் குறையில்லை, தன்மையாகத்தான் பேசினார். ஆனால் அவரிடம் அட்மின் கடவுச்சொல் இல்லை. அதை வைத்திருப்பவர் வேறு அலுவலகங்களையும் பார்ப்பவராம். வியாழக்கிழமைதான் வருவாராம்.

இதற்கு வேண்டிய வைத்தியம் இவ்வளவுதான். அச்சு வரிசையை நடத்தும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற சேவையை நிறுத்த வேண்டும். வின்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் 'ஸ்பூல்', அதற்குள் 'பிரிண்டர்ஸ்' என்ற இடத்தில் தேங்கியிருக்கும் கோப்புகளை அழிக்க வேண்டும். பிறகு சேவையை மீண்டும் இயக்கினால் வரிசை திறந்துவிடும். ஸ்பூலர் திரும்பத் திரும்ப விழுந்தால் அனேகமாக பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் காரணம். எந்த டிரைவர் கோப்பு அதை விழுத்தியது என்று ஈவன்ட் வியூவரிலேயே பதிவாகியிருக்கும். அதை முற்றாகக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும்.

கடவுச்சொல் பூட்டுக்கும் நியாயமான காரணம் உண்டு. 2021 ஜூன் இறுதியில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரியவந்தது. ஸ்பூலர் வழியாகவே அந்நியர் ஒருவர் கணினியை முழுதாகக் கைப்பற்றலாம் என்ற நிலை. மைக்ரோசொஃப்ட் ஜூலையில் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஓகஸ்டில், அட்மின் உரிமை இல்லாதவர் வலையமைப்பிலுள்ள பிரிண்டரின் டிரைவரை ஏற்றவோ புதுப்பிக்கவோ முடியாதபடி செய்தது. செப்டெம்பர் திருத்தம் வந்ததும் உலகெங்கும் அலுவலகங்களில் 11பி என்று முடியும் பிழை இலக்கம் தோன்றி, பகிர்ந்த பிரிண்டர்கள் நின்றுபோயின. எல்லாக் கணினிகளையும் ஒரே சீராகப் புதுப்பிப்பதே அதற்குச் சரியான வழி. பலர் செய்ததோ வேறு: திருத்தத்தையே கழற்றி வைத்தார்கள். அப்போதைக்கு அச்சு வந்தது, ஓட்டையும் திறந்தே கிடந்தது.

அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மன்ட் கிளவுட் மீது ரன்சம்வேர் தாக்குதல் நடந்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஆதரவு முடிந்துபோன 2013ஆம் ஆண்டு மென்பொருள். ஆகவே பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சாவி ஒருவரிடம் மட்டும், அதுவும் வேறு ஊரில் இருக்கலாமா என்றுதான் கேட்கிறேன். ஸ்பூலர் சேவையை நிறுத்தி இயக்கவும் வரிசையைத் துடைக்கவும் மட்டும் பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகத்தருக்கு உரிமை கொடுக்க வின்டோஸில் வழி இருக்கிறது. முழு அட்மின் அதிகாரம் தேவையில்லை.

இன்னொரு அநியாயமும் உண்டு. பல கிளைகளில் பிரிண்டர் ஓர் உத்தியோகத்தரின் கணினியில் பொருத்தப்பட்டு, மற்றவர்களுக்குப் பகிரப்பட்டிருக்கும். அவர் லீவென்றால் அந்தக் கணினி அணைந்திருக்கும், கிளை முழுவதற்கும் அச்சு இல்லை. நேரே வலையமைப்பில் இணைத்தாலும் நிரந்தர முகவரி கொடுக்காமல் விடுகிறார்கள். கரன்ட் போய் வந்ததும் ரூட்டர் வேறொரு முகவரியைக் கொடுத்துவிட, கணினிகள் பழைய முகவரியைத் தேடிவிட்டு 'ஓஃப்லைன்' என்கின்றன. பிரிண்டர் பச்சை விளக்கோடு பக்கத்திலேயே நிற்கும். முகவரியை ஒருமுறை நிலையாகக் குறித்து வைத்தால் தீர்ந்தது. ஒரு சதமும் செலவில்லை.

பதிவு தரவுத்தளத்தில் இருந்தால், எந்த மாவட்டத்துப் பிறப்பானாலும் அருகிலுள்ள பிரதேச செயலகத்திலேயே பிரதி எடுக்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. அது கடைசியில் ஒரு தாளில் முட்டி நிற்கக் கூடாது.

பொறுப்பானவர்களிடம் நான் வேண்டுவது: மக்கள் சேவைக் கருமபீடம் உள்ள ஒவ்வோர் அலுவலகத்திலும் ஸ்பூலரைச் சரிசெய்யத் தெரிந்த, அதற்கு உரிமை பெற்ற ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். வலையமைப்பு நின்றாலும் கேபிளில் நேரே ஓடும் மாற்று பிரிண்டர் ஒன்று தயாராக இருக்க வேண்டும். காசு கட்டிய பிறகு அச்சு வராவிட்டால், அந்தப் பிரதியைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பை அலுவலகமே ஏற்க வேண்டும். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதில் இன்னும் ஓடும் அரச கணினிகள் எத்தனை என்பதையும் வெளியிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்க இலங்கைப் பிரஜை எவருக்கும் உரிமை உண்டு. வாசகர்களும் தத்தமது பகுதி அலுவலகங்களில் எழுத்திலேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
குண்டசாலை.