பாப்பான் வீடும் பக்கத்து வீட்டு கேட்டும்



ஈப்போ குனோங் ராபாட்டில் ஞாயிறு ஆராதனைக்கு வரும் சில கார்கள் பக்கத்து வீட்டு கேட்டை அடைத்தே நிற்கின்றன. உள்ளே பாட்டு முடியும்வரை வெளியே ஒருவர் ஹோன் அடித்துக்கொண்டிருப்பார். பிரசங்கம் அவர் காதில் விழாது. அவர் அறிந்த திருச்சபை அந்தக் கார்தான்.

இதே ஈப்போ வட்டாரத்தில் வேறொரு வாசலும் இருந்தது. ஜப்பானியர் காலத்தில் பாப்பான் என்ற ஊரில் கத்தோலிக்கத் தாதி சிபில் கார்த்திகேசுவும் கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவும் நடத்திய மருந்தகம் அது. ஊர் மக்களோடு, ஜப்பானியரை எதிர்த்துப் போராடிக் காயம்பட்ட கெரில்லாக்களும் ரகசியமாக அங்கே வந்தார்கள். அந்தப் படையை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். சிபில் ஜெபமாலையை விடாதவர். ஆனாலும் குண்டை எடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்.

1943இல் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் அவரைப் பிடித்தது. சித்திரவதையில் முதுகெலும்பு அடிபட்டும், சிறு மகளைக் காட்டி மிரட்டப்பட்டும் அவர் கெரில்லாக்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948இல் பிரிட்டனில் இறந்தார். 1949இல் உடல் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது.

கார் விஷயம் இதன் முன் சின்னதுதான். அறிவிப்பு நேரத்தில் அந்தக் கார் எண்களையும் வாசித்தால் போதகர்களுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

– வாசகர், குனோங் ராபாட், பேராக்