விசா கேட்காத நாட்டுக்கு இன்ஷூரன்ஸும் வேண்டாமா? - ஃபாரின் ட்ரிப் கிளம்புறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு!

ரயில் டிக்கெட் புக் பண்ணும்போது 45 பைசாவுக்கு இன்ஷூரன்ஸ் வேணுமான்னு கேட்கும். யோசிக்காம 'யெஸ்' கொடுத்துடுவோம். அதே கேள்வி ஃபூகெட் ஃப்ளைட் டிக்கெட் புக் பண்ணும்போது சில நூறு ரூபாய்க்கு வரும். அங்கே மட்டும் விரல் தானா 'நோ' பக்கம் போயிடும். 'நாலு நாள் ட்ரிப்புதானே, நமக்கு என்ன ஆகப்போகுது?' என்கிற நம்பிக்கைதான் காரணம்.

அந்த நம்பிக்கை சரியா, தப்பா? ஃபாரின் போற எல்லாருக்குமே டிராவல் இன்ஷூரன்ஸ் அவசியமா? பார்க்கலாம் வாங்க.

கேட்டா எடுக்கிறோம், கேட்கலைன்னா விடுறோம்!

ஐரோப்பா போக ஷெங்கன் விசா வேணும்னா, குறைந்தபட்சம் 30,000 யூரோ, அதாவது ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய்க்கு மருத்துவ கவரேஜ் காட்டியாகணும். 29 நாடுகளுக்கும் இதுதான் விதி. ஜார்ஜியாவும் 2026 ஜனவரி 1 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கெல்லாம் போறவங்களுக்கு வேற வழியே இல்லை, எடுத்துத்தான் ஆகணும்.

ஆனா, நம்ம பசங்க அதிகமா போறது எங்கே? 2023 நவம்பரில் தாய்லாந்தும், டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா இல்லாமலே கதவைத் திறந்துவிட்டன. அதுக்கப்புறம் 'வீக்எண்டுக்கு பாங்காக்' என்பது 'வீக்எண்டுக்கு பாண்டி' மாதிரி ஆகிடுச்சு. விசா இல்லைன்னா விசா ஃபார்ம் இல்லை, அது இல்லைன்னா இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்க ஆளும் இல்லை.

இங்கேதான் கணக்கு தலைகீழாகுது. பாரிஸ்ல நாம மெட்ரோவுல போவோம், மியூசியம் பார்ப்போம். ஃபூகெட்ல ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்போம், ஸ்கூபா டைவிங் போவோம், ஸ்பீடு போட்ல ஏறுவோம். அடிபட எங்கே வாய்ப்பு அதிகம்னு நீங்களே சொல்லுங்க. ரிஸ்க் கம்மியான ஊருக்கு இன்ஷூரன்ஸோட போறோம். ரிஸ்க் அதிகமான ஊருக்குச் சும்மா போறோம்.

எது நஷ்டம், எது ஆபத்து?

இன்ஷூரன்ஸ் எடுக்கலாமான்னு முடிவு பண்ண, உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: 'இது நடந்தா என்னால தாங்க முடியுமா?'

டிராலி பேக் தொலைஞ்சுபோச்சு. வருத்தம்தான், ஆனா தாங்கலாம். அதோட, விமான நிறுவனமே இதுக்குப் பொறுப்பு. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சர்வதேச விமானங்களில் லக்கேஜ் தொலைந்தாலோ, சேதமானாலோ, தாமதமானாலோ ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர் வரை இழப்பீடு கேட்கலாம். நம்ம பணத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஆனா அது உச்சவரம்புதான்; எவ்வளவு நஷ்டம்னு நீங்கதான் காட்டணும். சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்கு 21 நாளுக்குள் எழுத்துபூர்வமா புகார் கொடுக்கணும். ஃப்ளைட்டை நிறுவனமே ரத்து பண்ணினா, மாற்று விமானமோ ரீஃபண்டோ தர வேண்டியதும் அவங்கதான். இதுக்காக மட்டும் இன்ஷூரன்ஸ் எடுக்கணும்னு அவசியமில்லை.

இப்போ இன்னொரு காட்சி. ஸ்கூட்டர் சறுக்கி கால் எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன், ஒரு வாரம் பெட். இல்லைன்னா திடீர்னு அப்பெண்டிசைடிஸ். வெளிநாட்டுப் பயணிக்கு அரசாங்க சலுகையெல்லாம் கிடையாது. முழு பில்லும் நம்ம தலையிலதான். சில தனியார் ஆஸ்பத்திரிகளில் பண உத்தரவாதம் காட்டினபிறகுதான் அடுத்த வேலையே ஆரம்பிக்கும். ஊர்ல இருக்கிற அப்பா நகையை அடகு வெச்சு அனுப்பினாலும் அந்த ராத்திரியே பணம் போய்ச்சேருமா என்பது சந்தேகம்தான். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஊருக்குக் கூட்டிவரணும்னா, அது தனிச் செலவு.

முதல் காட்சி நஷ்டம். ரெண்டாவது ஆபத்து. இன்ஷூரன்ஸ் ரெண்டாவதுக்குத்தான். லக்கேஜ், ட்ரிப் டிலே எல்லாம் கூடவே வர்ற போனஸ்.

'ஏற்கெனவே ஆபீஸ்ல ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கே' என்பவர்களுக்கு: நம்ம ஊர் மெடிக்ளெய்ம் பாலிசிகள் பெரும்பாலும் இந்திய எல்லையோட நின்னுடும். 'கிரெடிட் கார்டுல ஃப்ரீயா வருதே' என்பவர்களுக்கு: அந்த கார்டுலயே டிக்கெட் வாங்கியிருக்கணும் என்பது மாதிரி நிபந்தனைகள் இருக்கும். நல்லாப் படிச்சுப் பாருங்க. மருத்துவச் செலவுக்கும் சேர்த்துத்தான் தர்றாங்களா, விபத்து மரணத்துக்கு மட்டுமா என்பதைக் கட்டாயம் பாருங்க.

எடுத்தும் பிரயோஜனமில்லாமப் போகுமா?

போகும். பாலிசி வாங்கினா மட்டும் போதாது பாஸ்.

ஸ்கூட்டர்: நம்ம ஊர் லைசென்ஸை மட்டும் வெச்சு ஓட்டி அடிபட்டா க்ளெய்ம் தள்ளுபடியாக நிறைய வாய்ப்பிருக்கு. ஆர்.டி.ஓ ஆபீஸில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிக்கோங்க. அதில் டூவீலருக்கும் அனுமதி இருக்கணும். கார் லைசென்ஸ் மட்டும் இருக்கிறவங்க பைக்கைத் தொடவே வேண்டாம்.

சரக்கு: குடிச்சிட்டு விழுந்தா, காசு வராது. அநேகமா எல்லா பாலிசியிலும் இந்த விதி இருக்கு.

சாகசம்: ஸ்கூபா, பாராகிளைடிங் போன்றவை பல அடிப்படை பாலிசிகளில் கிடையாது. தனியா சேர்க்கணும்.

போர்: 2025 ஜூன் 23 ராத்திரி ஞாபகம் இருக்கா? கத்தார்ல இருக்கிற அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கத்தார் வான்வெளியை மூடிட்டாங்க. நடுவானத்திலேயே விமானங்கள் திரும்பின. ஐரோப்பா, அமெரிக்கா போக தோஹா, துபாய் வழியா மாறிப்போற நம்மாளுங்க எத்தனை பேர்! ஆனா, போர் காரணமா வர்ற நஷ்டத்தைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கி வெச்சிருக்கு. அதே மாதிரி, புயல் அறிவிப்பு வந்தபிறகு ஓடிப்போய் பாலிசி எடுத்தா, அந்தப் புயலுக்கு கவரேஜ் கிடைக்காது.

அம்மா அமெரிக்கா போறாங்களா?

இது உங்க ட்ரிப்பை விட முக்கியம். அக்காவோட பிரசவத்துக்காக அம்மா ஆறு மாசம் அமெரிக்கா கிளம்புவாங்க. கைப்பையில் சுகர் மாத்திரை, பி.பி மாத்திரை. உலகத்திலேயே மருத்துவச் செலவு ரொம்ப அதிகமான நாடு அது. பாலிசி எடுக்கும்போது, 'சுகர் இருக்குன்னு சொன்னா பிரீமியம் கூடிடும்'னு மறைக்கிறவங்க உண்டு. தயவுசெஞ்சு அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. நாளைக்கு நெஞ்சுவலின்னு போனா, முதல்ல பார்க்கிறது பழைய ரெக்கார்டைத்தான். ஏற்கெனவே இருக்கிற நோய் திடீர்னு முற்றினா கவரேஜ் உண்டா, எவ்வளவு வரைக்கும்னு கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான்னு தொகையை நிர்ணயிக்கிற பாலிசிகள் விலை குறைவா இருக்கும். பில் வரும்போதுதான் மிச்சத் தொகை எவ்வளவுன்னு தெரியும்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. அங்கே போய் இறங்கினபிறகு பெரும்பாலும் முடியாது.

* பக்கத்து ஆசிய நாடுன்னாலும் 50,000 டாலர் மருத்துவ கவரேஜ் இருக்கட்டும். அமெரிக்கான்னா இன்னும் அதிகம் வேணும்.

* 'டிடக்டிபிள்' எவ்வளவுன்னு பாருங்க. அந்தத் தொகை வரைக்கும் உங்க கைக்காசுதான்.

* அவசர உதவி எண்ணை உங்க போன்ல மட்டும் இல்லாம, கூட வர்ற ஃப்ரெண்டு போன்லயும் சேவ் பண்ணுங்க. அடிபட்டா உங்க போனும் உடைஞ்சிருக்கலாம்.

* ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் முதல்ல அந்த எண்ணுக்குத் தகவல் சொல்லுங்க. பில், ரிப்போர்ட், போலீஸ் புகார் நகல் எதையும் தூக்கிப் போடாதீங்க.

* க்ளெய்மை நியாயமில்லாம மறுத்தா, முதல்ல நிறுவனத்துக்கே எழுத்துபூர்வமா புகார் கொடுங்க. ஒரு மாசத்தில் பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தியா இல்லைன்னாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

சரி, அவசியமா இல்லையா? லட்சக்கணக்கில் ஆஸ்பத்திரி பில் வந்தா உங்க சேமிப்பிலிருந்தே கட்டிடுவீங்கன்னா, தாராளமா 'நோ' அழுத்துங்க. கட்ட முடியாது, வீட்டுல கடன் வாங்கித்தான் ஆகணும்னா, பாங்காக்ல ஒருவேளை சாப்பாட்டுக்கு ஆகிற காசை இதுக்கு ஒதுக்குங்க. ஒண்ணும் ஆகாம திரும்பி வந்துட்டா அந்தக் காசு வீண்தான். அது வீணாப் போகணும்னுதானே எல்லாரும் வேண்டிக்கிறோம்!