ஏரி யார் கணக்கில்? எல்லை தெரிந்து மனு கொடுப்போம்

சில ஆண்டுகளுக்கு முன் தென்பெண்ணைக் கரையோரக் கிராமம் ஒன்றில் நிலக்கடலைச் சுருள்பூச்சி பற்றிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "பூச்சிக்கு மருந்து சொன்னீங்க சார். எங்க ஏரிக்கு ரெண்டு வருஷமா சரியா தண்ணி வரலை. வரத்துக்கால்வா தூர்ந்து கெடக்கு. மூணு தடவை மனு கொடுத்தாச்சு. அதுக்கு என்ன மருந்து?" என்று கேட்டார்.

மனு நகல்களை வாங்கிப் பார்த்தேன். மூன்றும் ஒரே அலுவலகத்துக்கு எழுதியவை. அந்த ஏரியோ அந்த அலுவலகத்தின் பொறுப்பில் இல்லை. கால்வாயின் புல எண் எதிலும் இல்லை. வருவாய்க் கிராமத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குக்கிராமத்தின் பெயர் இருந்தது. குறை உண்மையானது, முகவரிதான் தவறு. தவறான இடத்துக்கு வந்த மனுவை உரிய இடத்துக்கு அனுப்பி, பெரியவருக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம். அதையும் யாரும் செய்யவில்லை. இடையில் இரண்டு போகம் போய்விட்டது.

விதை, உரம், மருந்து பற்றி நாங்கள் நிறையச் சொல்லிவிட்டோம். நம் நிலம் எந்தெந்த எல்லைக்குள் கிடக்கிறது, எந்த வேலை யாருடையது என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சிறு விவசாயிக்கு இதுவும் ஒரு சாகுபடி நுட்பம்தான் என்பது என் கருத்து.

ஒரு நிலம், மூன்று கணக்கு

முகையூரையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் – திருக்கோவிலூர் சாலையில் உள்ள ஊர். ஊராட்சி ஒன்றியத்துக்கு இதன் பெயர்தான். ஆனால் வட்டம் கண்டாச்சிபுரம். பட்டா மாறுதலுக்கு ஓர் ஊர், ஒன்றிய வேலைக்கு வேறோர் ஊர். முன்பு முகையூர் என்று ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருந்தது. 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் அது மறைந்தது. 2006 தேர்தலே அதற்குக் கடைசி.

மாவட்டமும் மாறியிருக்கிறது. 1993 வரை இது தென்னார்க்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. திருக்கோவிலூர் வட்டம் அதனோடு போயிற்று. ஆற்றின் வடகரையில் உள்ள அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே நிற்கிறது. அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையை இறக்கிவிட்டு, பாலம் தாண்டித் திருக்கோவிலூர்க் கடைவீதிக்குப் போகிறவர் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போகிறார். பாலத்தின் அடியில் ஓடும் ஆறு மட்டும் ஒன்றுதான்.

ஆகவே நம் ஒவ்வொருவர் நிலமும் மூன்று கணக்கில் இருக்கிறது.

முதலாவது வருவாய்க் கணக்கு. வருவாய்க் கிராமம், பிர்கா எனப்படும் குறுவட்டம், வட்டம், கோட்டம், மாவட்டம் என்று அது ஏறும். 1980-இல் பரம்பரை மணியக்காரர், கர்ணம் முறை ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பட்டா, சிட்டா, அடங்கல், நில அளவை எல்லாம் இந்த வழியில்தான்.

இரண்டாவது ஊராட்சிக் கணக்கு. குக்கிராமங்கள் சேர்ந்து ஊராட்சி. ஊராட்சிகள் சேர்ந்து ஒன்றியம். அதற்கு மேல் மாவட்ட ஊராட்சி. விழுப்புரம் மாவட்டத்தில் வட்டங்கள் 9, ஒன்றியங்கள் 13. எண்ணிக்கையே ஒன்றாக இல்லை. எல்லை எப்படி ஒன்றாகும்? வேளாண்மைத் துறை ஒன்றியத்தை ஒட்டி வட்டார அளவில் வேலை செய்கிறது. விதைக்கும் மானியத்துக்கும் வேளாண்மை விரிவாக்க மையத்தையும், அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரையும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மூன்றாவது நீர்க் கணக்கு. இதற்கு அரசாணை எல்லை கிடையாது. மேடு பள்ளமே எல்லை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. வரத்துக்கால்வாய் ஓர் ஊராட்சியில், கரையும் மதகும் அடுத்த ஊராட்சியில், ஆயக்கட்டு இன்னொன்றில் என்று கிடக்கும் ஏரிகளை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பெரியவரின் ஏரியும் அப்படிப்பட்டதே.

எல்லை தெரியாததால் வரும் நட்டம்

பயிர்க் காப்பீட்டைப் பாருங்கள். பயிருக்குத் தகுந்தபடி வருவாய்க் கிராமமோ பிர்காவோ காப்பீட்டு அலகாக அறிவிக்கப்படுகிறது. பரவலான மகசூல் இழப்புக்கு உங்கள் வயலைத் தனியாகப் பார்த்து இழப்பீடு கணக்கிடுவதில்லை. அந்த அலகில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரிதான் கணக்கு. விண்ணப்பத்தில் வருவாய்க் கிராமத்துக்குப் பதில் ஊராட்சியின் பெயரைப் போட்டால் உங்கள் பயிர் வேறு கிராமத்தில் விளைந்ததாகிவிடும். பிரீமியம் கட்டிய ரசீது கையில் இருக்கும், பணம் வராது. பதிவு செய்யும் இடத்திலேயே கிராமப் பெயரையும் புல எண்ணையும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நமக்கேன் என்று இருந்தவர்கள் பிறகு அலைந்ததை நான் அறிவேன்.

ஏரியில் வண்டல் எடுப்பதும் இப்படித்தான். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே இதற்கு அனுமதி கிடைக்கிறது. ஏரி ஒன்றியத்துடையதாயிற்றே என்று ஒன்றிய அலுவலகத்தில் காத்திருந்தால் கோடை கழிந்துவிடும்.

எல்லை மாறும்போது ஊருக்கே ஏற்பட்ட நட்டம் ஒன்றும் உண்டு. ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தது. மாவட்டப் பிரிவினைக்கு உட்பட்ட விழுப்புரம் உள்ளிட்ட 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் 6, 9 தேதிகள் வரை காத்திருந்தன. ஐந்து ஆண்டுகள் நம் ஊர்களில் தேர்ந்தெடுத்த தலைவரோ உறுப்பினரோ இல்லை. தனி அலுவலர்களே பொறுப்பு. நான் மாவட்டப் பிரிவினையைக் குறை சொல்லவில்லை. கல்வராயன் மலைக்காரர் ஒரு கையெழுத்துக்காக விழுப்புரம் வரை வந்து திரும்பியதும் கஷ்டம்தான். ஆனால் அலுவலகம் அருகில் வந்தால் மட்டும் போதாது. அதைக் கேள்வி கேட்கும் மன்றமும் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆறு எல்லை பார்க்குமா?

2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டம். வெள்ளம் பாய்ந்தது கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில். வயலில் மணல் மேடிட்டபோது அது எந்த மாவட்டத்துத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றுக்குப் பொருந்துவது ஏரிக்கும் பொருந்தும். மேலூர்க்காரர் கால்வாயை மறித்தால் கீழூர்க்காரர் காய்வார். கீழூர்க்காரர் உபரிநீர் வழியை அடைத்தால் மேலூரில் நெல் அழுகும்.

இதனால் நான் வற்புறுத்துவது இது: ஒரே ஏரித் தொடரைச் சேர்ந்த ஊராட்சிகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆடி மாதத்துக்குள் ஒன்றாகக் கூடிப் பேச வேண்டும். பக்கத்து ஊர் வேறு ஒன்றியமாக இருந்தாலும், வேறு மாவட்டமாக இருந்தாலும் கூட வேண்டும். கூடிப் பேசச் செலவில்லை. கால்வாயோரம் நடந்து பார்க்க ஒரு காலைப்பொழுது போதும்.

கிராம சபையை விடாதீர்கள்

சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் ஒன்றாக அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபைக்கு ஆண்டில் ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அக்டோபர் 2-இல் தூர்வாரத் தீர்மானம் போட்டால், காகிதம் நகர்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கால்வாய்த் தீர்மானம் மார்ச் 22-இலோ மே 1-இலோ போட வேண்டியது. உழவுக்கு மட்டுமல்ல, மனுவுக்கும் பட்டம் உண்டு.

போலந்து நாட்டில் கிராமப்புற நிர்வாகத்தின் அடி அலகுக்குக் கிமினா என்று பெயர். நம் ஒன்றியம் போலப் பல ஊர்கள் சேர்ந்தது. ஒவ்வோர் ஊருக்கும் ஊரார் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் உண்டு. 2009-இல் அங்கு ஒரு சட்டம் வந்தது. கிமினா மன்றம் சம்மதித்தால் அதன் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பங்கு ஊருக்கென்று ஒதுக்கப்படும். அதை எதற்குச் செலவிடுவது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்து செப்டம்பர் 30-க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சிறு தொகைதான். ஆனால் தேதி ஒன்று இருப்பதால் ஊர் கூடுகிறது. பணம் தன் கையில் இருப்பதால் கூட்டத்துக்கு மதிப்பு இருக்கிறது. நம் கிராம சபைக்கும் ஏரி, கால்வாய் வேலைக்கென்று அப்படி ஒரு தனித்தொகை தந்து பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

உழவர் பெருமக்கள் ஒரு முழுத்தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதிப் பட்டாவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

1. நிலத்தின் புல எண், உட்பிரிவு, வருவாய்க் கிராமம், பிர்கா, வட்டம்.

2. ஊராட்சி, ஒன்றியம், வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கும் ஊர்.

3. பாசன ஏரியின் பெயர், அதன் ஆயக்கட்டு. 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை ஏரி; குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றிய ஏரி. மனுவின் முகவரி இதைப் பொறுத்தது.

4. ஏரி, வரத்துக்கால்வாய், கலங்கலுக்குக் கீழுள்ள ஓடை ஆகியவற்றின் புல எண்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் இவை இருக்கும். புலப்படத்தில் கால்வாயின் அகலமும் தெரியும்.

5. ஆக்கிரமிப்பு இருந்தால் முதலில் நில அளவைக்கு வட்டாட்சியரிடம் மனு. அளந்து கல் நட்ட பிறகு தூர்வார உரிய துறைக்கு மனு. இரண்டோடும் கிராம சபைத் தீர்மான நகலை இணையுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இந்த விவரங்களை ஒரு பலகையில் எழுதி வையுங்கள். இன்ன ஏரி, இத்தனை ஏக்கர், இன்ன துறை, இன்ன அலுவலர் என்று நான்கு வரி போதும். ஒரு டப்பா பெயிண்ட் செலவில் பல ஆண்டு அலைச்சல் மிச்சமாகும்.

அந்தப் பெரியவரோடு அன்று மாலையே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துக் கால்வாயின் புல எண்களைக் குறித்துக்கொண்டோம். நான்காவது மனு சரியான இடத்துக்குப் போயிற்று. அளவை நடந்தது. கால்வாயில் பாதித் தூரம் தூர் எடுத்தார்கள். மீதிப் பாதி பக்கத்து ஊராட்சியில் இருக்கிறது. அதற்கு அந்த ஊர்க் கிராம சபையில் தீர்மானம் வேண்டும் என்றேன். "அங்க என் சம்பந்தி இருக்காரு சார், நான் போய்ப் பேசுறேன்" என்றார். எந்த அரசாணையும் அந்த இரண்டு ஊரையும் சேர்க்கவில்லை. தண்ணீரும் சம்பந்தமும் சேர்த்திருக்கின்றன. அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்வோம்.