சிசேரியன் தழும்பில் மாதாமாதம் வீங்கும் கட்டி

இலங்கையில் 2016இல் நடந்த குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை சிசேரியன் மூலம் பிறந்தது. பரந்தனிலிருந்து ஏ-9 வீதியால் கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போய், தையலோடு திரும்பும் தாய்மார் பலர். அவர்களில் மிகச் சிலருக்கு, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக, மாதங்களோ வருடங்களோ கழித்து அந்தத் தழும்பின் ஓரத்தில் ஒரு கட்டி தட்டுப்படும். மாதவிடாய் நாட்களில் அது வீங்கி நோகும். பிறகு அடங்கும்.

இதன் பெயர் தழும்பு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரில் அகப்படலம் என்றொரு மெல்லிய படை உண்டு. ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோனால் அது மாதந்தோறும் தடிக்கிறது. கரு தங்காவிட்டால் கழன்று குருதியாக வெளியேறுகிறது. இந்தப் படை கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ்.

தழும்புக்கு அது எப்படி வருகிறது? சிசேரியனில் கருப்பையைத் திறக்கும்போது அகப்படலக் கலங்கள் சில வயிற்றுச் சுவரின் வெட்டு விளிம்பில் ஒட்டிக்கொள்கின்றன என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். பெரும்பாலானவை அழிந்துவிடும். தப்பியவை அங்கேயே குருதியோட்டம் தேடிக்கொள்ளும். 1958இல் ரிட்லி, எட்வர்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள், பெண்களின் மாதவிடாய்க் கழிவை அவர்களின் வயிற்றுத் தோலுக்கடியில் செலுத்திப் பார்த்தார்கள். இன்று எந்த ஒழுக்கவியல் குழுவும் இலகுவில் அனுமதிக்காத பரிசோதனை அது. அகப்படலம் அங்கும் உயிர்வாழக்கூடும் என்று தெரிந்தது. ஆனால் எல்லாரிலும் அது பிடிக்கவில்லை.

இடம் மாறினாலும் இந்தக் கலங்கள் ஹோர்மோனுக்குக் கீழ்ப்படிகின்றன. கருப்பையில் கசியும் குருதிக்கு வெளியேற வழியுண்டு, தசைக்கும் கொழுப்புக்கும் இடையில் இல்லை. தேங்கிய குருதி சுற்றியுள்ள இழையத்தை அழற்சியுறச் செய்கிறது. உடல் அதைச் சுற்றி நார் இழையத்தைக் கட்டுகிறது. அதனால்தான் கட்டி இறுகி, மெல்ல மெல்லப் பெருக்கிறது.

எல்லாருக்கும் நோவு மாதவிடாயை ஒட்டி வருவதில்லை. சிலருக்கு எப்போதும் நோகும். ஆகவே இது தையல் முடிச்சு, குடலிறக்கம், சீழ்க்கட்டி என்றெல்லாம் எண்ணப்படுகிறது. ஸ்கான் கட்டியின் ஆழத்தைக் காட்டும். அகற்றிய இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகே நோய் உறுதியாகும். மாத்திரைகளும் ஊசிகளும் நோவைத் தணிக்கும், நிறுத்தினால் அது திரும்புவதே வழமை. ஆகவே சுற்றியுள்ள நல்ல இழையத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரையும் சேர்த்து வெட்டி எடுக்கிறார்கள். தசையின் மேலுறையில் பெரிய இடைவெளி விழுந்தால் வலை வைத்துத் தைப்பார்கள். புற்றுநோயாக மாறுவது மிக அரிது. என்றாலும் பழைய கட்டி திடீரென விரைந்து பெருத்தால் தாமதிக்கக் கூடாது.

சிக்கல் பெரும்பாலும் கிளினிக் வாசலில் தொடங்குகிறது. தழும்பு நோவென்று சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் போகும் பெண், மாதவிடாயைப் பற்றி அங்கே தானாகச் சொல்வது குறைவு. கூச்சமும் ஒரு காரணம், இரண்டுக்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றாததும் ஒரு காரணம். நோவு வந்த திகதிகளையும் மாதவிடாய்த் திகதிகளையும் இரண்டு மூன்று மாதம் கலண்டரில் குறித்துக் கொண்டுபோனால் மருத்துவரின் வேலை பாதி குறையும். ஆனால் அந்தப் பொறுப்பு முழுவதையும் அவள்மேல் போட முடியாது. தழும்பைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரும் கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்கலாம்.