இல்லமும் ஆயத்தமும்

மக்கள் தமக்குப் புகலிடமாகக் கருதுவது இல்லமே. வெயிலுக்கும் மழைக்கும் கள்வர்க்கும் அஞ்சி நாம் கதவடைத்து உள்ளே புகுகின்றோம். ஆயினும் நெருப்பும், மின்சாரமும், நஞ்சும், திடீர் நோயும் கதவைத் தட்டிவிட்டு வருவனவல்ல. அவற்றுட் பல அடைத்த கதவுக்கு உள்ளேயே நம்முடன் குடியிருப்பன. ஆதலின், இத்தகைய இடர்களுக்கு ஒரு குடும்பம் எங்ஙனம் ஆயத்தமாதல் வேண்டும் என்பது குறித்து எம் கருத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஆயத்தம் என்றவுடன் பலர் பொருள்களையே நினைக்கின்றனர். மருந்துப்பெட்டியும் கைவிளக்கும் மெழுகுவத்தியும் வாங்கி வைத்துவிட்டாற் கடமை முடிந்ததென்பது அவர்தம் எண்ணம். அவை வேண்டுவனவே, அவற்றை யாம் இகழ்கின்றோமல்லேம். ஆனால் தலையாய ஆயத்தம் அறிவே என்பதும், அவ்வறிவு வீட்டில் ஒருவரிடத்து மட்டும் அடங்கிக் கிடவாமல் எல்லாரிடத்தும் பரவியிருத்தல் வேண்டுமென்பதுமே எம் துணிபு.

நம் வீடுகளை உற்று நோக்குவோமாயின், ஒவ்வொன்றிலும் 'எல்லாம் அறிந்தவர்' ஒருவர் இருத்தலைக் காண்போம். மெயின் சுவிட்சு எங்குள்ளது, பாட்டனார் உண்ணும் மருந்து யாது, பத்திரங்கள் எப்பெட்டியிலுள்ளன என்பவற்றையெல்லாம் அவரே அறிவார். அவர் வீட்டிலிருக்குமளவும் குறையொன்றுமில்லை. ஆனால் ஆபத்து நாளும் கோளும் பார்த்து வருவதன்று. பெற்றோர் இருவரும் அலுவலுக்குச் சென்ற நண்பகலில், மூதாட்டியும் சிறுவரும் தனித்திருக்கையில் அது வரலாம். அதனினும் கொடிது, எல்லாம் அறிந்த அவரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடலாம். உறவினர் எண்களும் மருத்துவர் எண்ணும் அவருடைய கைப்பேசியில் இருக்கும்; அதைத் திறக்கும் குறியெண்ணோ அவர் ஒருவர்க்கே தெரியும். பூட்டிய கைப்பேசியிலிருந்தும் 112 என்னும் எண்ணை அழைக்கலாம் என்பதை அறியாதார் இன்றும் பலர்.

வேதத்திற் கூறப்பட்ட பத்துக் கன்னிகைகளின் உவமையை இக்கல்லூரியில் அறியாதார் இலர். எண்ணெய் உடையவர் இல்லாதவர்க்கு நள்ளிரவிற் பகிர்ந்தளிக்க இயலாது போயிற்று. அறிவும் அத்தகையதே. அதைப் பகலிற் பகிரலாம். நள்ளிரவிற் கடன் வாங்கலாகாது.

இவ்வறிவு இயற்கையாகவே தோன்றும் என்று எண்ணுதலும் பிழை. ஆபத்தில் மனிதனுக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் தவறான செயலே. சமையல் எரிவாயுவை எடுத்துக்கொள்வோம். அது காற்றினும் கனமானது. ஆதலின் சிலிண்டரிலிருந்து கசிந்தால் மேலெழுந்து போகாமல் தரையிற் படிந்து தேங்கும். தனக்கென மணமில்லாத அதில், கசிவை அறிவித்தற்பொருட்டே நாறும் பொருளொன்று கலக்கப்படுகின்றது. நாற்றம் கண்டவர் விளக்கைப் போட்டுப் பார்ப்பதும், விசிறியைச் சுழலவிட்டு வாயுவை விரட்ட முயல்வதும் இயல்பு. அவ்வியல்பே கேடு; சுவிட்சில் எழும் சிறுபொறி ஒன்று வீட்டையே கொளுத்தப் போதும். எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும், அடுப்பையும் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறி, வெளியே நின்று 1906 என்னும் எண்ணை அழைப்பதே செய்யத்தக்கது.

எண்ணெய்ச்சட்டி தீப்பற்றினால் நீர் ஊற்றத் தோன்றும். அந்நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை எங்கும் தெறிக்கச் செய்யும். அடுப்பை அணைத்துச் சட்டியைத் தட்டால் மூடுவதே முறை. தீப்புண்ணில் மையும் பற்பசையும் தடவுவார் உளர். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவதே மருத்துவர் கூறும் முதலுதவி.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையிற் படுத்துறங்குவோரைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தடமோ இல்லாதிருத்தலும் உண்டு. விடியலில் பிள்ளை வயிற்றுவலி என்று அழும். இமைகள் தாமே தாழும். அஜீரணமென்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்கும் வீட்டில் உயிர் போகும். அறிந்த வீட்டாரோ ஐயுற்றவுடனே 108 ஊர்தியை அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு விரைவர்.

வீட்டில் பரவிய அறிவு எத்துணை வலியது என்பதற்கு அயல்நாட்டுச் சான்றொன்று கூறுவோம். சுமத்திராவை அடுத்த சிமெலுவே தீவில் 1907-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை ஒன்று பலரை மாய்த்தது. உயிர்தப்பியோர் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் வலிதாய் நடுங்கிக் கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடவேண்டும் என்பதைக் கதையிலும் தாலாட்டிலும் வைத்துத் தம் பிள்ளைகட்குச் சொல்லி வந்தனர். 97 ஆண்டுகள் கழிந்து, 2004 டிசம்பர் 26-இல், நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகிலிருந்த அத்தீவில் அலை சில நிமிடங்களிலேயே கரையேறிற்று. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டவர் எழுவரே. 2 மணி நேரத்துக்கு மேல் கழிந்தே அலை எய்திய நம் நாகப்பட்டினம் மாவட்டத்திலோ 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய அலையைக் கண்டறியாத நம் கரையோரப் பாட்டியர் அதைச் சொல்ல வழியில்லை; குறை அவர்மீதன்று. ஆனால் நெருப்பையும் மின்சாரத்தையும் நாள்தோறும் கையாளும் நமக்கு அவ்வாறு சொல்லிக்கொள்ள இடமுண்டோ?

இவ்வறிவு பரவாமைக்குத் தடையாயிருப்பது 'அமங்கலம் பேசாதே' என்னும் சொல்லே. தீயதை வாயாற் சொன்னால் அது நேர்ந்துவிடுமோ என்று பெரியோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் அன்பிற் பிறந்தது. அதை எள்ளுதல் தகாது. ஆயினும் பேசாமையால் விலகிய ஆபத்து ஒன்றேனும் உண்டோ? பிள்ளைகள் நடுங்குவர் என்பாரும் உளர். செய்வகை அறிந்த பிள்ளையினும், ஒன்றும் அறியாத பிள்ளையே மிகுதியும் நடுங்கும் என்பது எம் கருத்து.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு இல்லம் ஏகுங்கால் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். சொற்பொழிவு வேண்டா, கை பழகியதே ஆபத்தில் நினைவுக்கு வரும். பாட்டியாரே தம் கையால் ரெகுலேட்டரை ஒருமுறை மூடிப் பார்க்கட்டும். தம்பி இருளில் தடவிச் சென்று மெயின் சுவிட்சு இருக்குமிடத்தைக் கண்டு சொல்லட்டும். 101, 108, 112 என்னும் எண்களையும், உறவினர் எண்களையும், முதியோர் மருந்துகளின் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டு முகவரியையும் அருகிலுள்ள அடையாளத்தையும் அதனுடன் எழுதுங்கள். பதற்றத்தில் தம் தெருவின் பெயரையே மறப்பவர் உளர். சமையலுக்கும் பிற பணிக்கும் வருவோரையும் அழைத்து இவற்றைக் காட்டுங்கள். அடுப்பருகே நெடும்பொழுது நிற்பவர் பல வீடுகளில் அவரே.

கல்லூரியில் யாம் கற்கும் பௌதிகமும் இரசாயனமும் தேர்வுத்தாளோடு முடிவன அல்ல. வாயு ஏன் தரையிற் படிகின்றது என்பதை வகுப்பிற் கேட்டவர், அதைத் தம் அன்னையார்க்குச் சொல்லாதிருப்பாராயின் அக்கல்வி பாதியிலே நின்றதாகும். அதனை இல்லத்தின் அடுக்களை வரை கொண்டு சேர்ப்போமாக. அம்முயற்சிக்கு இறைவன் துணைபுரிவானாக.